மனசு சரியில்லாதவரிடம் வீடு எப்படிப் பேச வேண்டும்?

மனசு சரியில்லை என்று நம் ஊரில் யாரும் டாக்டரிடம் போய் நிற்பதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "வயித்துல கேஸ் ஏறி முட்டுது", "கை காலெல்லாம் குடையுது", "எதுலயும் பிடிப்பு இல்ல" என்றுதான் சொல்வார்கள். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் ஷாப் வேலைக்குப் போகிறவர் ஆனாலும், பிரியாணிக் கடையில் நிற்பவர் ஆனாலும், வளைகுடாவில் கணவர் இருக்க இங்கே தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண் ஆனாலும் பேச்சு இதே மாதிரிதான் தொடங்கும். மெடிக்கலில் ஒரு மாத்திரை, பிறகு ஈசிஜி, பிறகு ஸ்கேன் என்று போகும். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் ஒரு வார்த்தை விழும்: "ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே, நீயா எதையோ நினைச்சுக்குற."

அந்த வார்த்தை பெரிய தீங்கு செய்கிறது. வலி உண்மையானது. அது கிளம்பும் இடம்தான் வேறு. அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது நோய் குணமாவதையும் முற்றுவதையும் நேரடியாகப் பாதிக்கும். மருத்துவ ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி இது. டாக்டர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, வீடு செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. இரண்டையும் இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வருத்தமா, நோயா?

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருப்பது அதில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் எடுக்கவில்லை. அப்படியானால் நம் தெருவிலும் நம் உறவிலும் இப்படிப்பட்டவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

எல்லா வருத்தமும் நோய் இல்லை. அத்தா மவுத்தாகி ஒரு மாதம் அழுவதும், கடையில் நஷ்டம் வந்து தூக்கம் கெடுவதும், பரீட்சைக்கு முன்னால் வயிறு கலங்குவதும் மனித இயல்பு. காரணம் தெரியும் வருத்தமும் காரணமே தெரியாமல் கவ்வும் வருத்தமும் வேறுவேறு என்று சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் பிரித்து எழுதினார். இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பல்கு வட்டாரத்தில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ அவர். உடம்பைப் பேணுவதற்கு ஒரு பகுதி, மனசைப் பேணுவதற்கு ஒரு பகுதி என்று ஒரே நூலில் இரண்டையும் வைத்தார். கோபம், பயம், துக்கம், விடாமல் துரத்தும் எண்ணங்கள் என்று வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார். மனநோய் என்பது மேற்கத்தியப் புதுக்கதை என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்றைய டாக்டர்கள் மனச்சோர்வு நோய்க்கு வைத்திருக்கும் அளவுகோல் எளிது. கீழே உள்ளவற்றில் பல சேர்ந்து, கிட்டத்தட்ட தினமும், 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்:

- முன்பு பிடித்த எதிலும் இப்போது விருப்பம் இல்லாமல் போவது
- நாள் முழுக்கத் துக்கம் அல்லது எரிச்சல்
- விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காதது, அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது
- பசி குறைவது அல்லது மிகுவது
- சின்ன வேலைக்கும் அசந்துபோவது
- "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற எண்ணம்

முதலில் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

வீட்டுப் பேச்சின் பலம்

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மனநல மருத்துவமனையில் தேறி வீட்டுக்குப் போன சிலர் நன்றாக இருந்தார்கள், சிலர் சீக்கிரமே நோய் திரும்பி வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எந்த மாதிரி வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். எப்போதும் குறை சொல்லும் வீடு, வெறுப்பைக் கொட்டும் வீடு, அன்பின் பேரில் மூச்சு விடவிடாமல் பொத்திப் பொத்தி வைக்கும் வீடு ஆகிய மூன்றிலும் நோய் திரும்பிவருவது அதிகமாக இருந்தது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. 1980-களில் சண்டிகரில் நடந்த ஆய்வில் இந்தியக் குடும்பங்களில் அந்தக் குறைசொல்லும் போக்கு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. கூட்டாக வாழ்ந்து, நோயாளியையும் வீட்டில் ஒருவராக வைத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு மருத்துவப் பலன் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று.

நம் மாநிலத்திலேயே இதைச் செய்து காட்டிய இடம் வேலூர் சிஎம்சி. பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்குவது வழக்கமானது. மருந்து எப்படிக் கொடுப்பது, என்ன பேசுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதைக் குடும்பமே அங்கே கற்றுக்கொண்டு ஊர் திரும்பும். பிறகு அது பல இடங்களுக்கு முன்மாதிரி ஆனது.

ஆகவே "அவளுக்குத்தான் பிரச்சினை, எங்களுக்கு என்ன" என்று சொல்லி வீடு ஒதுங்க முடியாது.

மூன்று சூழல்கள்

முதல் சூழல், பிரசவித்த பெண். பிள்ளை பிறந்த முதல் 2 வாரம் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பலருக்கும் உண்டு, தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீண்டால், பிள்ளையைத் தூக்கவே மனசில்லாமல் போனால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு. நாற்பது நாள் கணக்கு முடிந்து குளிப்பாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் மாமியாரின் வாயிலிருந்து இப்படி வரலாம்: "நாங்க அஞ்சு பெத்தோம், இப்படியா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்தோம்?" அதே மாமியார் இப்படியும் சொல்லலாம்: "ராத்திரி தூங்குனியாம்மா? பிள்ளையை ரெண்டு மணி நேரம் நான் வச்சுக்குறேன், நீ போய்ப் படு." தூக்கம் இந்த நோய்க்கு மிக முக்கியமான மருந்துகளில் ஒன்று என்பதால், இரண்டாவது பேச்சு அன்பாக இருப்பதோடு சிகிச்சைக்கும் துணையாகிறது. புதுத் தாய்க்குக் காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் அலைவது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது போன்றவை தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவரையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.

இரண்டாவது, போனில் நடக்கும் குடும்பம். துபாயில் இரவு 10 மணிக்கு வேலை முடிந்து கணவர் கூப்பிடும்போது இங்கே 11:30. பகல் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய மனைவிக்குக் கண் சொருகும். இருக்கிற பத்து நிமிடத்தில் "ஸ்கூல் ஃபீஸ் கட்டணும், சிலிண்டர் தீந்துபோச்சு, உங்க தம்பி காசு கேக்குறாரு" என்று கணக்கு முடிவதற்குள் லைன் கட்டாகிவிடும். இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் ஒருவருக்கொருவர் ஏடிஎம் ஆகவும் கணக்குப்பிள்ளையாகவும் மாறிவிடுவார்கள். இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. பணக் கணக்கை எழுதி வாட்ஸ்அப்பில் பகலிலேயே அனுப்பிவிடுங்கள். கூப்பிடும் நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் பணம் பேசாதீர்கள். "இன்னைக்கு உங்களுக்கு நாள் எப்படிப் போச்சு" என்று இருவரும் ஆளுக்கொரு முறை கேளுங்கள். கேம்ப் அறையில் ஆறு பேரோடு படுத்திருக்கும் மனுசனிடம் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

மூன்றாவது, பரீட்சையில் தோற்ற பிள்ளை. ரிசல்ட் வந்த அன்று "மாமா மகன் எவ்வளவு வாங்கியிருக்கான் பாரு" என்ற ஒப்பீடு வேண்டாம். ரிசல்ட்டை உறவுக்காரர் குரூப்பில் போட வேண்டாம். "மார்க் போனா போகுது கண்ணு, துணைத்தேர்வு இருக்கு, முதல்ல சாப்பிடு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தோற்றவர்கள் அதே ஆண்டு துணைத்தேர்வு எழுதலாம். இது பிள்ளைக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கணவன் மனைவிக்கிடையில்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை உட்கார வைத்துப் பேச வைத்து, அவர்களின் இதயத்துடிப்பு வரை பதிவு செய்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். சண்டை போடுவதால் மட்டும் திருமணம் முறிவதில்லை என்று கண்டார். முறிப்பவை நான்கு பழக்கங்கள். ஒரு தவறைச் சொல்லாமல் ஆளையே குறை சொல்வது: "நீ எப்பவுமே இப்படித்தான்." ஏளனம்: "உங்க வீட்டு லட்சணம் தெரியாதா?" எதைச் சொன்னாலும் உடனே தன்னைக் காத்துக்கொள்வது: "நான் மட்டுமா, நீ என்ன செஞ்ச?" கடைசியாக, வாயே திறக்காமல் நாள்கணக்கில் இருப்பது. நான்கிலும் ஏளனம்தான் மிக ஆபத்தானது என்பது அவர் முடிவு.

மாற்றுவதற்கு வழி இருக்கிறது. நடந்த ஒரே விஷயத்தை, உங்கள் மனசில் பட்டதோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "நேத்து நீங்க லேட்டா வர்றதா ஒரு போன் பண்ணல, எனக்குப் பயமாப் போச்சு." கோபத்தில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது மூளை எதிராளி சொல்வதைச் சரியாக வாங்காது. அப்போது "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து பேச வேண்டும் என்பது கட்டாயம், இல்லாவிட்டால் அதுவும் மௌனமாகவே முடியும்.

விவகாரம் முற்றினால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு நடுவரை வைத்துப் பேசச் சொல்கிறது குர்ஆன். ஜமாஅத்தில் அந்த வழக்கம் இன்றும் உண்டு. நடுவராக உட்காரும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "யார் மேல தப்பு" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். இருவரையும் தனித்தனியே, குறுக்கே பேசாமல், முழுதாகக் கேளுங்கள். கேட்பதே ஒரு பெரிய உதவி என்பதை 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு செய்து காட்டிவருகிறது. அங்கே தொண்டர்கள் அழைப்பவருக்கு உபதேசம் செய்வதில்லை. எடைபோடாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர்கள் வேலை.

இங்கே ஒரு கோடு கிழித்தாக வேண்டும். மேலே சொன்னது கருத்து வேறுபாட்டுக்கு. அடி, மிரட்டல், பூட்டி வைப்பது, பணம் கொடுக்காமல் பட்டினி போடுவது போன்றவை குடும்பச் சண்டைக் கணக்கில் வராது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வன்முறை அது. அங்கே "பொறுத்துப் போம்மா" என்று சொல்வது தவறு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்துக்கு 112 என்ற எண்கள் இருக்கின்றன.

துஆவும் வேண்டும், டாக்டரும் வேண்டும்

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருபவர்களிடம் பிள்ளையை நீட்டி ஓதி ஊதச் சொல்லித் தாய்மார் நிற்பது தமிழ்நாட்டுப் பள்ளிவாசல் வாசல்களில் பழைய வழக்கம். இந்துத் தாய்மாரும் அந்த வரிசையில் நிற்பார்கள். அந்த நம்பிக்கை தரும் ஆறுதலை யாரும் பறிக்க வேண்டியதில்லை. துஆவுக்காகச் சிகிச்சையை நிறுத்துவதுதான் கூடாது.

அந்தப் பாடத்தை நாம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமாக்கக் கூட்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்துவிட்டது.

அதே ஏர்வாடியில் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. தர்கா வளாகத்திலேயே அரசின் மனநல டாக்டர் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008-ல் தொடங்கிய முறை அது. அங்கே ஓதிப் பார்க்கும் முஜாவர்களுக்கே நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் துஆ செய்துவிட்டு, "டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க" என்று அனுப்பினார்கள். தாங்கள் நம்புகிறவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால் குடும்பங்கள் கேட்டன. நம் ஊர் ஆலிம்களும் கோயில் பூசாரிகளும் பங்குத்தந்தைகளும் இதே ஒரு வார்த்தையைச் சொன்னால் எத்தனையோ பேர் காலத்தோடு சிகிச்சைக்கு வருவார்கள்.

மருந்தைப் பற்றிய பயங்கள்

"மாத்திரை போட்டா அடிமையாயிடுவோம்" என்பதுதான் பொதுவான பயம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. அவை பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விடுவதும், தேறியதும் நாமே நிறுத்துவதும் தவறு. நன்றாக ஆன பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பழக்கமாகிவிடும் அபாயம் சில தூக்க மாத்திரைகளுக்குத்தான் உண்டு. அவற்றைச் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதும் இல்லை. லேசான நிலையில் உளவியல் ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கும்.

ரமலானில் ஒரு எச்சரிக்கை. நோன்புக்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். பல மாத்திரைகளின் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக் கொடுக்க டாக்டரால் முடியும். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுபவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உடலில் தண்ணீர் குறையும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறி ஆபத்தாகலாம். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது என்பதை ஆலிமும் எடுத்துச் சொல்லட்டும்.

எங்கே போவது?

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் இருப்பதால், தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல டாக்டர் வருகிறார். வெளியே போகத் தயங்குபவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய அரசு சேவை அது. 24 மணி நேரமும், தமிழில், இலவசமாகப் பேசலாம். நீங்கள் சிகிச்சை எடுப்பதை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது என்பதும், மருத்துவக் காப்பீட்டில் மற்ற நோய்களுக்குச் சமமாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்பதும் 2017 சட்டம் தந்த உரிமைகள்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் "சும்மா மிரட்டுறான்" என்று விடாதீர்கள். "உசுரை விட்டுரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்தது என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். தனியே விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் அதிகப்படி மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், 14416-ஐ அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இதைப் படித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்து ஒதுங்கி இருப்பவர் யார் என்று யோசித்து, இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தி சொல்லாமல், அவர் பேசுவதை முழுதாகக் கேளுங்கள். உங்கள் பள்ளிவாசல், கோயில், சர்ச், சங்கம் எதுவானாலும் அதன் நோட்டீஸ் போர்டில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.